லீஸில் 80 வருடமும் நாலு மாதமும் மிச்சம்: பொறுக்கலாமா?

சகோ, லண்டன் ஈஸ்ட் ஹாம் ஃபிளாட்டை வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, லீஸை (ஃபிளாட் நம் கையில் இருக்கும் காலத்தை) நீட்டிக்கப் புதுச் சட்டம் முழுசாக வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பொறுக்காதீர்கள். லீஸ் 80 வருடத்துக்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் மேரேஜ் வேல்யூ (லீஸ் நீள்வதால் கூடும் மதிப்பு) என்று ஒரு தொகை சேரும், அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு (நிலத்தின் சொந்தக்காரருக்கு) போய்விடும். அதை ஒழிக்கும் 2024 சட்டப்பிரிவு இன்னும் அமலுக்கு வரவில்லை. நீட்டிப்புக் கேட்குமுன் ஃபிளாட்டை இரண்டு வருடம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியோ 2025 ஜனவரி 31-லேயே போய்விட்டது.

முதலில் சர்வேயரை வைத்து மதிப்புப் போடுங்கள். அப்புறம் சொலிசிட்டர் மூலம் செக்‌ஷன் 42 நோட்டீஸ் (நீட்டிப்பைச் சட்டப்படி கேட்கும் கடிதம்). நோட்டீஸ் கொடுத்த தேதியை வைத்துத்தான் கணக்கு, பேரம் மாதக்கணக்கில் இழுத்தாலும் பரவாயில்லை. லீஸில் 90 வருடம் கூடும், கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) பூஜ்யமாகும். இந்த நோட்டீஸ் இல்லாமல் தனியாகப் பேசி முடிக்கலாம் என்று ஃப்ரீஹோல்டர் சொன்னால் சட்டென்று கையெழுத்துப் போடாதீர்கள். மிச்சமுள்ள 80 வருடத்துக்கும் பழைய கிரவுண்ட் ரென்ட் தொடரலாம். அவருடைய நியாயமான சட்டச் செலவும் உங்கள் தலையில்தான் விழும், அதற்கும் பணம் ஒதுக்கிவையுங்கள்.