ஓட்டத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்: பிளக்கை விடுங்கள், ராங் மூடியைப் பாருங்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, என்னட்டை இருக்கிறது காபரேற்றர் வைத்த பல்சர் 150. யாழ்ப்பாணம் ரவுணுக்குள் ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை. கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகும்போது கொடிகாமம் தாண்டினதும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று தரம் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிசம் ஓரமாக விட்டுவிட்டு அடித்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்ரார்ட் ஆகும், பிறகு ஆனையிறவுப் பக்கம் திரும்பவும் நிற்கும். கராஜில் பிளக் மாற்றி, காபரேற்றர் கழுவி, ஏர் பில்ரரும் புதிதாகப் போட்டாயிற்று. ராங்கில் பெற்றோல் பாதிக்கு மேல் இருக்கிறது. பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெய் கலக்கிறார்களோ?"

மண்ணெண்ணெய்க் கதையை முதலில் ஒதுக்கி வைப்போம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள், வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் மணித்தியாலக் கணக்கில் சொல்வார்கள். அப்படியென்றால் மண்ணெண்ணெய் கலந்த வண்டிக்குக் காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்புவதுதான் பாடு, பிறகு புகை, தட்டல் சத்தம், கறுத்த பிளக். சூடான எஞ்சின் அதை எப்படியோ எரித்துக்கொண்டு போகும். உங்கள் வண்டி செய்வது நேர்மாறு. காலையில் ஒழுங்காக எழும்புகிறது, ரவுணுக்குள் ஓடுகிறது, தூரம் போய் வேகம் பிடித்தால்தான் நிற்கிறது. அது பெற்றோலின் தரத்தைவிட, பெற்றோல் வந்துசேரும் வேகத்தைப் பற்றிய விஷயம்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். வண்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுகிறது, நீங்கள் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிறீர்கள் என்று வைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 22 மில்லிலீற்றர் பெற்றோல் வேண்டும். காபரேற்றருக்கு அடியில் இருக்கிற கிண்ணத்தில் நிற்பது சில மேசைக்கரண்டி அளவுதான். மேலிருந்து வருகிற பெற்றோல் இந்த 22க்குக் கீழே குறைந்தால் கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும், இழுவை போகும், திணறும், நிற்கும். நின்ற பிறகு எஞ்சின் குடிக்கவில்லை, ஆனால் மேலிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கிறது, பத்து நிமிடத்தில் கிண்ணம் நிரம்பிவிடும். அதனால்தான் திரும்ப ஸ்ரார்ட் ஆகிறது. ரவுணுக்குள் சிக்னல், சந்தி, மாடு என்று மெதுவாக ஓடும்போது அந்தச் சொட்டே போதும். கராஜ்காரர் இதைப் பிடிக்காததும் இதனால்தான், அவர் கராஜ் வாசலில் இருந்து சந்தி வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு "சரி தம்பி, இப்ப ஓகே" என்று சொல்லியிருப்பார்.

ஆகவே இந்த நோயை வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற கையோடேயே பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எல்லாம் நல்லாய் இருக்கும்.

அடுத்த முறை நின்றதும் திரும்பத் திரும்ப அடித்து பற்றரியைத் தின்னாதீர்கள். ஓரமாக நிறுத்திவிட்டு ராங் மூடியைத் திறப்புப் போட்டு மெதுவாகத் திறங்கள், காதைக் கிட்ட வைத்து. "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடுகிற சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்துக்குள் வண்டி எழும்பி இழுவையும் வந்துவிட்டால், அநேகமாக உங்கள் பிரச்சினை அந்த மூடியில்தான். (காற்று வெளியே தள்ளுகிற சத்தம் என்றால் அது வெயிலில் ராங் சூடானதால் வருகிற ஆவி, அதை இதோடு குழப்ப வேண்டாம்.) ரின்பால் பேணியில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் வராமல் நிற்குமே, அதே கதைதான் இது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அதற்கு மூடிக்குள் ஊசித்துவாரம் மாதிரி ஒரு வழி இருக்கிறது. புழுதி, வண்டி கழுவும் சவர்க்காரம், கறள் எல்லாம் சேர்ந்து அது அடைபடும். இதில் கவனிக்க இன்னொன்று: ராங் நிறைய அடித்த நாட்களில் சீக்கிரம் நிற்கிறதா? அப்படியென்றால் மூடி மேல் சந்தேகம் கூடும், ஏனென்றால் நிறைந்த ராங்கில் காற்று இருப்பது கொஞ்சம், கொஞ்சப் பெற்றோல் போனாலே வெற்றிடம் இறுகிவிடும். பெற்றோல் குறைந்த நாட்களில்தான் கூடுதலாக நிற்கிறது என்றால் அடியில் கறளும் மண்டியும் இருக்கிறது, ரப்பை, அதாவது ராங்குக்கு அடியில் பெற்றோலைத் திறந்து மூடுகிற குழாயை, பாருங்கள்.

மூடியைக் கழற்றித் துப்புரவாக்குவது பெரிய வேலை இல்லை. கழற்றி, கொஞ்சம் பெற்றோலில் ஊறவிட்டு, காற்றடிக்கிற இடத்தில் மெதுவாக ஊதினால் போதும், ரப்பர் வளையத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள். காற்று வழி இல்லாத மலிவு மூடி யாராவது மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தற்காலிகமாக மூடியைத் திறந்தபடி ஓடுவோம் என்று நினைக்கவே வேண்டாம், கீழே சூடான சைலன்சர் இருக்கிறது.

மூடியைத் திறந்தும் ஒன்றும் மாறவில்லையா? அப்போது கிண்ணத்தைப் பாருங்கள். காபரேற்றருக்குக் கீழே ஒரு சின்ன வடிகால் ஸ்குரூ இருக்கும். எஞ்சின் கொஞ்சம் ஆறியபின், திறப்பை ஓஃப் பண்ணிவிட்டு, ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து அதைத் தளர்த்துங்கள். யோக்கட் கப்பில் பிடிக்க வேண்டாம், சில வகைக் கப்புகள் பெற்றோலில் கரைந்துபோகும். பக்கத்தில் சிகரெட்டோடு யாராவது வேடிக்கை பார்க்க வந்தால் முதலில் அவரை அனுப்புங்கள். சும்மா நாலு சொட்டு வந்து நின்றால் மேலிருந்து பெற்றோல் வரவில்லை. நிறைய வந்து, பெற்றோல் ஓடுவதும் நிற்காமல் தொடர்ந்தால், பெற்றோல் பாதையில் பிழை இல்லை, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற கொயில் பக்கம் போக வேண்டும். சூடேறினதும் அறுந்து ஆறினதும் சேருகிற கொயில் இதே மாதிரி ஏமாற்றும். வித்தியாசம் என்னவென்றால், கொயில் போனால் திறப்பைத் திருப்பி நிறுத்தினது போல டக்கென்று போகும், பெற்றோல் வராமல் நிற்கிற வண்டி திணறிச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது, அதனால்தான் கொயிலைப் பின்னுக்கு வைத்தேன்.

போத்தலில் பிடித்ததை ஒரு நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனியாக உருளுகிற திரவம் தெரிந்தால் அது தண்ணீர், பெற்றோலைவிடக் கனம் என்பதால் கீழே போய் நிற்கும். செம்மண் நிறத்தில் தூள் தெரிந்தால் ராங் கறள். மாரியில், கார்த்திகை மார்கழி மழையில் வெளியே நிற்கிற வண்டிகளுக்கு இது வழக்கம். ராங் மூடியைச் சுற்றிய பள்ளத்தில் விழுகிற மழைத்தண்ணீர் இறங்கிப்போக ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது, அது புழுதியால் அடைபட்டால் தண்ணீர் தேங்கி உள்ளே கசியும். பண்ணைப் பாலத்தால் தினமும் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு உப்புக் காற்று வேறு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக் கியூ காலத்தில் கிடைத்த கிடைத்த போத்தலில் சேர்த்துவைத்துப் பிறகு ஊற்றினவர்களின் ராங்கிலும் சில இடங்களில் இன்னும் மண்டி இருக்கும். வெளிநாட்டில் இருந்து லீவில் வந்து, வருசக் கணக்கில் நின்ற வண்டியை எடுத்து ஓடுகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது, பழைய பெற்றோல் பிசினாகி, காபரேற்றருக்குள் பெற்றோல் போகிற சின்னத் துவாரமான ஜெற்றை அடைத்துவிடும்.

ராங்குக்கும் கிண்ணத்துக்கும் இடையில் பார்க்க வேண்டியது மூன்று: ரப், ரியூப், இடையில் பில்ரர் போட்டிருந்தால் அது. ரப்பில் இருந்து ரியூபைக் கழற்றி, ராங் மூடியைப் பூட்டியபடியே, போத்தலுக்குள் ஓடவிடுங்கள். ஒரே சீராகச் சில நிமிடம் ஓட வேண்டும். தொடக்கத்தில் நல்லாய் வந்து பிறகு மெலிந்து, மூடியைத் திறந்ததும் திரும்பப் பாய்ந்தால் மூடி. மூடி திறந்திருந்தும் நூலாகவே வந்தால் ரப்புக்குள் இருக்கிற வலை அடைபட்டிருக்கிறது. ரிசேவில் வைத்தால் மட்டும் பிரச்சினை என்றால் அடி மண்டிதான், ரிசேவ் இழுப்பது ராங்கின் அடியில் இருந்து. ரியூப் நீளம் கூடி மடிந்திருக்கிறதா, எஞ்சின் செட்டையில் முட்டிச் சூடாகிறதா என்றும் பாருங்கள். பெற்றோல் பம்ப் உள்ள வாகனத்துக்கான கடதாசிப் பில்ரரைப் புவியீர்ப்பில் ஓடுகிற வண்டிக்குப் போட்டால் அதுவே தடையாகிவிடும், மோட்டார் சைக்கிளுக்கு உரியதைக் கேட்டு வாங்கி அம்புக்குறி காபரேற்றரைப் பார்க்கும்படி போடுங்கள். எதற்காகவும் வாயால் பெற்றோலை உறிஞ்ச வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கிண்ணம் வற்றுகிறது என்றால், கிண்ணத்துக்குள் பெற்றோலை விட்டு நிறுத்துகிற மிதவையும் அதன் ஊசியும் ஒட்டிப் பிடிக்கிறதா என்று கராஜில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். "காபரேற்றர் கழுவினேன்" என்றால் பலர் வெளியே காற்றடித்ததைத்தான் சொல்கிறார்கள்.

காபரேற்றர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூடிச் சோதனை மட்டும் பொருந்தும், வடிகால் ஸ்குரூ கிடையாது. திறப்புப் போட்டதும் ராங்குக்குள் ஓரிரு விநாடி பம்ப் முனகுகிறதா என்று கேளுங்கள், மிச்சம் ஸ்கானர் உள்ள இடத்தில். அதோடு ராங்கை வற்றவிட்டு ஓடுகிற பழக்கத்தை விடுங்கள், அந்தப் பம்பை ஆற்றுவதே சுற்றியுள்ள பெற்றோல்தான்.

தம்பி, திருத்தின பிறகு சந்தி வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். மூடியைப் பூட்டி, வழமையாகப் போகிற வேகத்தில், கொடிகாமம் தாண்டிப் பளை வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போய்ப் பாருங்கள். நின்றால், மேலே சொன்ன சத்தமும் போத்தலில் பிடித்ததும் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.