முதல் பனிக்கு ஒரு தட்டு தயாராக இருக்கட்டும்

கேள்வி: கோவையிலிருந்து கனடாவின் மார்க்கம் நகருக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. போன வருடம் முதல் ஸ்நோ விழுந்தபோது ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. “என் ஃப்ரெண்ட் வீட்டில் அன்றைக்கு மேப்பிள் மிட்டாய் செய்வார்கள், வெளியே விளக்கு வைப்பார்கள். நாம் ஏன் எதுவும் செய்வதில்லை?” என்று 9 வயது மகள் கேட்கிறாள். மகனுக்கு 4 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாமியார் எங்களோடு இருக்கிறார், அவருக்குக் குளிர் ஆகாது. எங்கள் வீட்டுக்கென்று என்ன வழக்கம் வைத்துக்கொள்ளலாம்? விழுந்த பனியைச் சாப்பிடுவது சரிதானா?
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: சகோதரி, என்ன செய்யலாம் என்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எதை ‘முதல் பனி’ என்று கணக்கில் எடுப்பீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். உங்கள் டொரன்டோ பக்கம் சில வருடம் அக்டோபர் கடைசியிலேயே நாலு துணுக்கு பறக்கும், தரையில் பட்டதும் காணாமல் போகும். புல்லை மூடுகிற அளவுக்கு விழுவது பெரும்பாலும் நவம்பரில், சில வருடம் டிசம்பரில். இதை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் பெரியவள் “இது முதல் பனி இல்லை” என்பாள், சின்னவன் அழுவான். பின்பக்க டெக்கில் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) இருக்கும் மேசை மேல் விரலால் பெயர் எழுத முடிந்தால் அதுதான் முதல் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதுவதே அன்றைய முதல் சடங்காகவும் ஆகிவிடும்.

அடுத்து, பலர் கோட்டை விடும் இடம். சனி ஞாயிறில் நிறைய விழட்டும், அப்போது கொண்டாடலாம் என்று காத்திருப்பார்கள். முதல் பனி அப்படி வருவதில்லை. வேலை நாளில், காலையில், ஈரமாக, 2 அல்லது 3 செ.மீ. விழுந்துவிட்டு மதியத்துக்குள் கரைந்துவிடும். நவம்பர் மண்ணில் இன்னும் சூடு இருக்கும். அதனால் தார்ச்சாலையில் தங்காது. புல்லிலும் மரப்பலகையிலும் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். மாலை 6 மணிக்கு நீங்கள் வீடு திரும்பும்போது வெளியே சேறுதான் மிஞ்சியிருக்கும்.

இதற்கு வழி ஒரு தட்டு: மேப்பிள் மிட்டாய் என்பது மேப்பிள் மரச் சாற்றுப் பாகைப் பனி மேல் ஊற்றிச் சுருட்டுவது, மாலையில் அதற்கு வேண்டிய பனியைக் காலையிலேயே பிடித்து வைத்துவிடலாம். கேக் செய்யும் 23க்கு 33 செ.மீ. ஆழத் தட்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மகள் டெக் மேசையில் இருக்கும் பனியின் மேல்பகுதியை மட்டும் கரண்டியால் வழித்துத் தட்டில் போட்டு, கையுறைக் கையால் அழுத்தி அழுத்தி 3 செ.மீ. கனத்துக்கு நிரப்பட்டும். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடி ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். மூடாவிட்டால் மீன், கறி வாசனை ஏறிவிடும். 5 நிமிட வேலை. மேசை முழுக்க 3 செ.மீ. விழுந்திருந்தால் ஒரு தட்டுக்குத் தாராளமாகப் போதும்.

சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சமாக, சரியான இடத்திலிருந்து எடுத்தால் சாப்பிடலாம். பனி விழ ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரம் காற்றில் இருக்கும் புகையையும் தூசியையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. அதற்குப் பிறகு விழுந்து மேலே படிந்ததை எடுங்கள். கார் மேல், நடைபாதை ஓரம், பனி அள்ளும் வண்டி ஒதுக்கிய குவியல் இவற்றிலிருந்து எடுக்கவே வேண்டாம், உப்பும் எண்ணெயும் கலந்திருக்கும். வெள்ளை தவிர வேறு நிறம் தெரிந்தால் தொடவும் வேண்டாம். மனசு ஒப்பாவிட்டால் ஃப்ரீஸர் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி அடித்துப் பொடித்துத் தட்டில் பரப்புங்கள். மிட்டாய் அதிலும் அதே மாதிரி உறையும்.

இப்போது மேப்பிள் மிட்டாய். இது கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பழக்கம். அங்கே மார்ச், ஏப்ரலில் மேப்பிள் சாறு இறக்கும் காலத்தில் தோப்புக் குடில்களில் செய்வார்கள். சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப் கிடைக்கும், விலைக்குக் காரணம் அதுதான். கடையில் ‘பான்கேக் சிரப்’ என்று மலிவாக இருப்பது சோளப் பாகு. அதை வாங்கிவிட்டு மிட்டாய் சரியாக வரவில்லை என்று அடுப்பைத் திட்டுபவர்கள் உண்டு. ‘கிரேடு ஏ’, ஆம்பர் நிறம், சுத்த மேப்பிள் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 250 மி.லி. எடுத்தால் பத்துப் பன்னிரண்டு குச்சி வரும்.

பாத்திரம் குறைந்தது 2 லிட்டர் கொள்ளளவு, உயரமானதாக இருக்கட்டும். சிரப் கொதிக்கும்போது மூன்று மடங்கு பொங்கும். அடியில் கடலை அளவு வெண்ணெய் போட்டால் பொங்கல் அடங்கும். மிதமான தீ. கொதிக்க ஆரம்பித்த பிறகு கரண்டி போடக் கூடாது. கிளறினால் சர்க்கரை பூத்து, மணல் மாதிரி நறநறக்கும். மிட்டாய்த் தெர்மாமீட்டர் 114 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கிவிடுங்கள், பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். 110க்குக் கீழே இறக்கினால் பாகு பனியில் ஓட்டை போட்டுக்கொண்டு அடிக்குப் போய்விடும். 120ஐத் தாண்டினால் பல்லில் ஒட்டாது, பல்லை உடைக்கும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் நம் பாகுப் பதம்தான் கணக்கு: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வரும், அழுத்தினால் நசுங்கும். அதிரசத்துக்குப் பார்ப்போமே, அந்த மென்மையான உருண்டைப் பதம். இந்த விஷயத்தில் உங்கள் மாமியார் கண் தெர்மாமீட்டரை விட நம்பகமாக இருக்கலாம், அடுப்படி வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இறக்கி அரை நிமிடம் கழித்து, பாகு அடங்கியதும், ஃப்ரீஸரில் இருந்து எடுத்த தட்டின் மேல் ஒரு விரல் நீளக் கோடுகளாக ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் இறுகி ஜவ்வு போல ஆகும். ஐஸ்கிரீம் குச்சியை ஒரு முனையில் வைத்துச் சுருட்டினால் முழுக்க ஏறிக்கொள்ளும். பனியை நன்றாக அழுத்தாமல் விட்டிருந்தால் குச்சியில் பாதி பனிதான் ஒட்டும். ஊற்றுவது பெரியவர்கள் வேலை, சுருட்டுவது பிள்ளைகள் வேலை. இதில் சமரசம் வேண்டாம். 114 டிகிரிப் பாகு தோலில் பட்டால் வழியாது, ஒட்டிக்கொண்டே சுடும். பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். சின்னவன் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், குச்சியோடு ஓடக் கூடாது. கியூபெக்காரர்கள் இதற்குத் தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் வைப்பார்கள். தித்திப்பு திகட்டும்போது ஒரு கடி. உங்கள் வீட்டில் உப்பு எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் அது இன்னும் பொருந்தும். எண்ணெய் மிதக்கும் ஆவக்காய் ஒத்துவராது.

தெர்மாமீட்டரை நம்புவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் அது 3 டிகிரி குறைத்துச் சொல்கிறது, நீங்கள் 111இல் இறக்க வேண்டும்.

விளக்கு விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கார்த்திகை தீபம் நவம்பர் மத்தியிலிருந்து டிசம்பர் மத்திக்குள் வரும். மார்க்கத்தில் முதல் பனிக்கும் அதே பருவம்தான். ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் பனி உருண்டைகளை அடுக்கிக் கூடு கட்டி உள்ளே மெழுகுவர்த்தி வைப்பார்கள். அந்தக் கூட்டுக்குள் உங்கள் அகல் போகட்டும்.

செய்முறை சுலபம். டென்னிஸ் பந்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள் முப்பது பிடியுங்கள். முதல் பனி ஈரமானது, அதனால் நன்றாகப் பிடிபடும். கடுங்குளிரில், மைனஸ் 10இல் விழுவது மாவு போல உதிரும், உருண்டையே வராது. 3 செ.மீ. பனி என்றால் இரண்டு சதுர மீட்டர் புல்தரையை வழித்தால் போதும். அடியில் பத்து உருண்டைகளை வட்டமாக, இடையிடையே விரல் நுழையும் சந்து விட்டு வையுங்கள். அதற்கு மேல் எட்டு, பிறகு ஆறு, நான்கு என்று உள்பக்கம் சாய்த்து ஏற்றுங்கள். சந்தை அடைத்தால் காற்று இல்லாமல் விளக்கு அணையும், வெளிச்சமும் வெளியே வராது. மேல் உருண்டையை வைக்கும் முன் விளக்கை இறக்கிவிட வேண்டும்.

இங்கே அகல் மூன்று விதத்தில் மக்கர் பண்ணும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நெய்யும் அப்படியே. திரி வரைக்கும் ஏறாமல் விளக்கு நின்றுவிடும். நல்லெண்ணெய் பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி கீழே போனாலும் திரவமாகவே இருக்கும். அதையும் லேசாகச் சூடு பண்ணி, திரியை முழுக்க நனைத்து, வீட்டுக்குள்ளேயே ஏற்றிக் கொண்டுபோங்கள். இரண்டாவது, அகல் சூடானதும் அடியில் பனி ஒரு பக்கமாகக் கரைந்து விளக்கு சாயும். பீங்கான் ஓடு ஒன்றை அடியில் வைத்தால் பிரச்சினை இல்லை. மூன்றாவது, மண் அகல் ஈரத்தை உறிஞ்சும், இரவு அந்த ஈரம் உறைந்து விரிந்தால் அகல் வெடிக்கும். தூங்கப் போகும் முன் எடுத்துவிடுங்கள். பகலில் எல்லாம் கரைந்துபோன நாள் என்றால் கூட்டை அடுத்த பனிக்குத் தள்ளிவைத்துவிட்டு, வாசலில் ஒரு அகல் மட்டும் வையுங்கள்.

மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு பக்கம்: தேதி, யார் முதலில் பார்த்தார்கள், எத்தனை மணி, வெப்பநிலை, எத்தனை செ.மீ. அளக்கும்போது புல்லில் ஸ்கேலைக் குத்தினால் கணக்கு கூடுதலாக வரும், புல்லுக்கிடையே காற்று நிற்பதால். 40 செ.மீ. சதுரப் பலகைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்கட்டும். வெள்ளை எதற்கு என்றால், கருப்பு வெயிலை வாங்கிப் பனியைக் கரைத்துவிடும். பிறகு நேரான கண்ணாடித் தம்ளரில் 10 செ.மீ. உயரம் பனி நிரப்பி உருக விடுங்கள். ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீர் நிற்கும், ஈரப்பனி என்றால் அதைவிடக் கூடுதல்.

பனித்துகள் பார்க்க ஆசைப்பட்டால் கருப்பு ஃபெல்ட் துணியை ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு வெளியே நீட்டி, பூதக்கண்ணாடியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். துணி சூடாக இருந்தாலோ மூச்சு பட்டாலோ நொடியில் போய்விடும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் விவசாயியாக இருந்த வில்சன் பென்ட்லி 1885இல் முதன்முதலாகத் தனிப் பனித்துகளைப் படம் பிடித்ததும் இப்படிக் கருப்புப் பலகையில் பிடித்துத்தான். ஆனால் முதல் பனியில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்ட கட்டிகள்தான் வரும். ஆறு கை உள்ள நட்சத்திரத்துக்கு ஜனவரி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

உடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூஜ்யத்தை ஒட்டிய நாளில் குளிரைவிட ஈரம்தான் எதிரி. உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை கதகதப்பு. தலைக்கு இரண்டு ஜோடி, ஏனென்றால் உருண்டை பிடித்து முதல் ஜோடி ஊறிவிடும். பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணிக்காதீர்கள், இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

உள்ளே வந்ததும் பிள்ளைகளுக்கு சாக்லேட் பால். கோக்கோவைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்த பிறகே பாலில் சேருங்கள், நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். பெரியவர்களுக்கு சுக்கு மல்லிக் காபி. ஐந்து கப்புக்கு 1 லிட்டர் தண்ணீர், தட்டிய சுக்கு ஒரு விரல் நீளம், மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு 10, ஏலக்காய் 2. முக்கால் அளவாக வற்றட்டும். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மண் இருக்கும். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள ஈழத்தமிழர் கடைகளில் பனங்கட்டி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கருப்பட்டி கொதிக்கும்போது பால் ஊற்றினால் திரியும், வேண்டியவர்கள் இறக்கிய பிறகு கலந்துகொள்ளட்டும்.

கடைசியாக, வரும் நவம்பரில் வானிலை அறிவிப்பு வந்த இரவு உங்கள் மகள் பைஜாமாவை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் ஸ்பூன் வைத்து, டாய்லெட்டில் ஐஸ் கட்டி போட்டுத் தண்ணீர் விட்டால் பதறாதீர்கள். மறுநாள் பள்ளி லீவு விட வேண்டும் என்பதற்கு வட அமெரிக்கப் பிள்ளைகள் செய்யும் பரிகாரம் அது. ஐஸ் கட்டி மூன்று நான்கோடு நிற்கட்டும். டொரன்டோ பக்கம் பல நேரம் பள்ளிப் பேருந்து மட்டும்தான் ரத்தாகும், பள்ளி திறந்தே இருக்கும். எனவே அவளைக் கொண்டுபோய் விடுவது நீங்களா, உங்கள் கணவரா என்பதை அன்று இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.