அஃபேசியா பயிற்சிக்குப் பின் மூளை மாறியதா என்று ஸ்கேனில் எப்படி உறுதி செய்வது?

பக்கவாதத்தால் அஃபேசியா (மூளை பாதிப்பால் வரும் மொழித்திறன் குறைபாடு) வந்தவருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதை ரத்த ஓட்ட மாற்றத்தின் வழியே காட்டும் ஸ்கேன்) எடுத்து ஒப்பிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

பூட்டுப் படம் ஒன்றைக் காட்டுகிறோம். முதல் ஸ்கேனில் அவர் "சா... சாவி... இல்லை" என்று தடுமாறுகிறார். பயிற்சிக்குப் பின் "பூட்டு" என்று சட்டெனச் சொல்லிவிடுகிறார். இரண்டு ஸ்கேனுக்கும் உள்ள வித்தியாசம் மூளை சீரமைந்ததாலா, தடுமாற்றம் குறைந்ததாலா? தவறும்போது எழும் முயற்சியும் எரிச்சலும்கூட மூளையில் தெரியும். அதனால் ஒவ்வொரு விடையையும் பதிவு செய்து, சரியாகச் சொன்னவற்றைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் வாய் திறந்து பேசியாக வேண்டும். பேசினால் தலை அசையுமே? சரி, பேசி முடித்ததும் படம் பிடிக்கலாம். ரத்த ஓட்ட மாற்றம் உச்சத்தைத் தொடச் சுமார் 5 விநாடி ஆவதால் இது பலிக்கிறது.

அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி தராத சொற்களையும் சோதனையில் சேருங்கள். பயிற்சிக்கு முன்பே இரண்டு முறை ஸ்கேன் எடுங்கள். எதுவும் செய்யாமலே படம் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தால்தான் பிந்தைய மாற்றத்துக்கு அர்த்தம் உண்டு. செலவைப் பார்த்து இதை விட்டுவிடவே கூடாது என்பேன். முதல் சில மாதங்களில் பேச்சு தானாகவும் தேறும். ஆகவே 6 மாதமோ ஓராண்டோ கடந்தவர்களைச் சேர்ப்பதே வழக்கம்.

இன்னொன்று. ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டவருக்கு அந்த ரத்த ஓட்ட மாற்றமே தாமதமாகலாம். அப்போது நன்றாக வேலை செய்யும் பகுதியும் செயலற்றதாகத் தோன்றிவிடும். மூச்சைச் சற்று அடக்கச் சொல்லி எடுக்கும் சிறு ஸ்கேனில் அந்தத் தாமதத்தை அளந்துகொள்ளலாம்.