9.2ம் 140ம்

ஐயா,

போன மாதம் பலதுறை மருந்தகத்தில் எனக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். அன்றோடு சோற்றை நிறுத்தினேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் நாலு சப்பாத்தி, இரவு ஓட்ஸ். ஆனாலும் வெறும் வயிற்றில் 9.2 காட்டுகிறது. தஞ்சாவூரில் அண்ணனுக்கு 140ஆம். அவருக்கு நான் எவ்வளவோ மேல், இல்லையா?

ச., ஈசூன்

அன்புள்ள ச.,

முதலில் அண்ணன் கணக்கை முடித்துவிடுவோம். இங்கே சிங்கப்பூரில் இரத்தச் சர்க்கரையை மில்லிமோலில் சொல்கிறார்கள், இந்தியாவில் மில்லிகிராமில். உங்கள் எண்ணை 18ஆல் பெருக்குங்கள். 9.2 என்பது ஏறக்குறைய 166. அண்ணனைக் கூப்பிட்டுப் பெருமை பேசுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

எனக்கு இது ஆறாவது வருஷம். நானும் இப்படித்தான் அரிசி வாளியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். அதே பசிக்கு அதே அளவு கேழ்வரகு! கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, கால்சியம் உண்டு, ஆனால் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அதை நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சினால் வயிறு செய்யவேண்டிய வேலையில் பாதியை அடுப்பே முடித்துவிடுகிறது. குடித்த சூட்டோடு சர்க்கரை ஏறும். நாலு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் சோற்றுக்குக் குறைந்ததல்ல.

சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி மீனோ கோழியோ பருப்போ, மிச்சக் கால்வாசிதான் தவிடு நீக்காத தானியம். நம் வீட்டுத் தட்டு நேர்மாறு. நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கீரை. நான் அரிசி வாளியை இறக்கிவிட்டேன். இப்போது ஒரு கைப்பிடிச் சோறு, அதைவிட இரண்டு பங்கு கங்கோங் கீரைப் பொரியல், ஒரு துண்டு மீன். முதலில் பொரியலைக் காலிசெய்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் தேநீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. தே தாரேக்கில், அதாவது கடையில் இழுத்து ஆற்றித் தரும் பால் தேநீரில், ஊற்றுவது சீனி கலந்த டின் பால். சீனி குறைவாக வேண்டும் என்று 'சியூ தாய்' கேட்டால் குறையும், போகாது. பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கொசோங்' முதல் வாரம் கஷாயம்போல இருக்கும். இரண்டாம் வாரமும்தான்.

ஒன்று, மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை ஒரேயடியாக வெட்டாதீர்கள். சில மாத்திரைகளோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். அடுத்த முறை போகும்போது உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், தேநீரையும் சேர்த்து.