தசமபாகம்: பத்தில் ஒன்று யாருக்கு? கேள்வி பதில்

சென்னையில் ஒரு சபையில் பல வருடம் பொருளாளராக இருந்தவன் நான், ஞாயிறு பள்ளியில் இன்னும் பாடம் எடுக்கிறேன். "தசமபாகம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொன்னதற்கு வந்த கேள்விகளில் பாதி வேதம், பாதி வீட்டு பட்ஜெட். (தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்கென்று கொடுப்பது.) பெயர் வேண்டாம் என்று சிலர் சொன்னதால் எல்லோருக்கும் ஏரியா மட்டும்தான்.

வேளச்சேரி: அங்கிள், மொத்தச் சம்பளத்தில் பத்து சதவீதமா, பிடித்தம் போக கைக்கு வருவதிலா?

தம்பி, சம்பளத்துக்குத் தசமபாகம் என்று வேதத்தில் சட்டமே இல்லை. லேவியராகமம் 27-இல் இருப்பது நிலத்தின் விளைச்சல், மரத்தின் கனி, ஆடு மாடு. கோலின்கீழ் கடந்துபோகும் பத்தாவது பிராணி கர்த்தருக்கு. தச்சனின் கூலிக்கும் மீனவனின் வலைக்கும் அங்கே கணக்கு சொல்லவில்லை. அதனால் பி.எஃப். பிடித்தத்தை எந்த வசனத்தை வைத்தும் தீர்க்க முடியாது. கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் கைக்கு வருவதில் எடுங்கள். பி.எஃப். கையில் வரும்போது அதற்குப் பார்த்துக்கொள்ளலாம். மொத்தத்தில் கொடுப்பவர் உங்களைவிடப் பரிசுத்தவான் ஆகிவிட மாட்டார்.

பெரம்பூர்: ஐயா, இரண்டு மாத வாடகை பாக்கி, நகைக்கடன் வேறு. தசமபாகம் கொடுக்காததால்தான் சாபம் என்று எங்கள் பாஸ்டர் மல்கியா 3-ஐக் காட்டுகிறார். பயமாக இருக்கிறது.

சகோதரி, முதலில் வாடகையைக் கட்டுங்கள்.

இப்போது மல்கியாவுக்கு வருவோம். அங்கே தசமபாகத்தைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லும் பண்டசாலை என்பது ஆலயத்தில் தானியம், எண்ணெய், திராட்சரசம் சேர்த்து வைத்த இடம். மற்றக் கோத்திரங்களைப்போல நிலப் பங்கு கிடைக்காத, ஆலய ஊழியம் செய்த லேவியர் அதிலிருந்துதான் சாப்பிட்டார்கள். ஜனங்கள் கொண்டுவருவதை நிறுத்தியதும் லேவியரும் பாடகரும் பிழைப்புக்காகத் தங்கள் வெளிநிலங்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13-இல் வாசியுங்கள். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று மல்கியா சொல்வது இந்த மாதிரி நிலைமையைத்தான். பசித்த வயிறுகள் அங்கே காத்திருந்தன.

அதே 3-ஆம் அதிகாரத்தில், அந்தப் பண்டசாலை வசனத்துக்கு (3:10) ஐந்து வசனம் முன்னால் இருக்கும் 3:5-ஐப் பாருங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்களுக்கும், விதவையையும் திக்கற்றவர்களையும் ஒடுக்குபவர்களுக்கும், பரதேசியின் (அந்நியனின்) வழக்கைப் புரட்டுபவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தரே சாட்சியாக வருவேன் என்கிறார். காணிக்கை எடுக்கும் நேரத்தில் அந்த வசனத்தை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. சாபத்தைப் பற்றிப் பவுல் கலாத்தியர் 3:13-இல் சொல்லிவிட்டார், கிறிஸ்து அதிலிருந்து நம்மை மீட்டுக்கொண்டார். கொடுப்பதைப் பற்றி அவர் சொன்ன அளவு 2 கொரிந்தியர் 8:12-இல் இருக்கிறது: ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே.

இன்னொன்று. உபாகமம் 14-இன் கடைசியில், மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊரிலேயே வைத்து லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் கொடு, அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியாகட்டும் என்று இருக்கிறது. உங்கள் இன்றைய நிலைமையில் நீங்கள் வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் நிற்பவர், சகோதரி. உங்கள் வாடகைக்குச் சபை என்ன செய்யும் என்று பாஸ்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

ராயபுரம்: நியாயப்பிரமாணத்துக்கு (மோசேயின் சட்டத்துக்கு) முன்பே ஆபிரகாம் கொடுத்தாரே. அப்படியானால் நமக்கும் உண்டுதானே, பிரதர்?

ஆபிராம் (ஆபிரகாமின் பழைய பெயர்) சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது யுத்தத்தில் மீட்ட பொருளில் பத்தில் ஒன்று. மீதியில் தனக்கென்று ஒரு நூல்கூட வேண்டாம் என்று சோதோம் ராஜாவிடம் சொல்லிவிட்டார். அதையும் பின்பற்றச் சொன்னால் எத்தனை பேர் தயார்? யாக்கோபு பெத்தேலில் செய்தது பொருத்தனை. சாப்பாடும் துணியும் தந்து, பத்திரமாக வீட்டுக்குத் திரும்பி வரப்பண்ணினால் கொடுப்பேன் என்றார். "முன்பே இருந்தது" என்ற வாதத்தில் ஒரு சிக்கலும் உண்டு. விருத்தசேதனமும் மோசேக்கு முன்பே, ஆதியாகமம் 17-இலேயே இருந்தது. சபை அதைக் கட்டாயமாக்கவில்லையே.

இயேசு ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகத்துக்குக்கூடத் தசமபாகம் கொடுத்த பரிசேயரிடம் "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றார், உண்மைதான். ஆனால் ஆலயம் இருந்த காலத்தில், நியாயப்பிரமாணத்தின் கீழிருந்த யூதரிடம் சொன்னது அது. புறஜாதிச் (யூதரல்லாதவர்களின்) சபைகளுக்குப் பவுல் எழுதும்போது சதவீதமே போடவில்லை. வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாக எடுத்து வையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் பத்தில் ஒன்று கொடுக்கிறேன். ஒரு ஒழுங்குக்காக அப்படி வைத்திருக்கிறேன், மற்றவர்கள்மேல் சுமத்துவதில்லை.

அயனாவரம்: இஸ்ரவேலர் உண்மையில் பத்து சதவீதம்தான் கொடுத்தார்களா?

அதற்கு மேல். எண்ணாகமம் 18-இன்படி லேவியருக்கு ஒரு பத்து. அதில் பத்தில் ஒன்றை லேவியர் ஆசாரியனுக்குக் கொடுக்கவேண்டும். உபாகமம் 14-இல் வருவது வேறு மாதிரி: கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய் குடும்பத்தோடு நீங்களே சாப்பிடவேண்டும். தூரம் அதிகமென்றால் விற்றுப் பணமாக்கி, அங்கே போய் ஆடு, மாடு, திராட்சரசம், மதுபானம் என்று மனம் விரும்பியதை வாங்கிச் சந்தோஷப்படவேண்டும். ஆமாம், மதுபானம் என்றே போட்டிருக்கிறது! அப்புறம் ஏழைகளுக்கான அந்த மூன்றாம் வருடத்துப் பங்கு. இவற்றைத் தனித்தனியாக எண்ணுவதா, ஒன்றையே வேறு விதமாகச் சொல்வதா என்று அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. யூத மரபு தனித்தனியாகவே எண்ணியது. அப்படிப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 20 சதவீதம். ஏழாம் வருடம் நிலம் சும்மா கிடக்கும், தசமபாகமும் இல்லை.

ஆவடி: கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரர்களும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லையே, ஏன்?

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பேசித் தீர்த்துவிட்டார்கள். 585-இல் பிரான்ஸின் மாக்கோனில் கூடிய ஆயர்கள் சங்கம் கட்டாயம் என்றது. 779-இல் பிராங்க் அரசர் சார்லமேன் அரச ஆணையே போட்டார். அது வரியாகி, விவசாயி வெறுக்கும் அளவுக்குப் போய், பிரான்ஸில் புரட்சியோடு 1789-இல் ஒழிந்தது. இன்றைய கத்தோலிக்கச் சட்டம் திருச்சபையின் தேவைக்கு உதவுவது கடமை என்கிறது, சதவீதம் சொல்வதில்லை. 1947-இல் நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை என்று வேறு வழிகள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போடும் அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தசமபாகம் தேவைப்படாது. குருவானவருக்குச் சம்பளம் பேராயம் வழியாக வருகிறது. தனிச் சபைகளில் பாஸ்டர் குடும்பமும் ஹால் வாடகையும் காணிக்கையை நம்பியே நிற்பதால் அங்கே இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

குரோம்பேட்டை: ஊரில் அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணத்தைத் தசமபாகத்தில் சேர்க்கலாமா?

அது அதற்கு முன்னால் வரவேண்டிய செலவு. மாற்கு 7-இல் கொர்பான் என்று காணிக்கையைச் சாக்கு சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தார்.

திரு.வி.க. நகர்: கொடுத்தால் நூறு மடங்கு திரும்ப வருமா?

வராது என்றே வைத்துக்கொண்டு கொடுங்கள். நூறத்தனை என்று மாற்கு 10:30-இல் இருப்பது உண்மை. அதே வாக்கியத்தில் "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது.

அண்ணா நகர்: வருமான வரியில் கழிக்கலாமா? அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட என் மகன் சபைக்கு நேரடியாக அனுப்பலாமா?

அம்மா, ஒரு மதத்தாருக்காக மட்டும் நடக்கும் சபைக்குப் பொதுவாக நன்கொடைக்கான வரிச் சலுகை (80ஜி என்று சொல்வார்கள்) கிடையாது. புதிய வரி முறையில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. மகன் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.யின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கக்கூடாது.

வியாசர்பாடி: எங்கள் சபையில் கணக்கே காட்டுவதில்லை, அண்ணே. தசமபாகத்தை அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கணக்கைக் கேளுங்கள். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). பவுலுக்கே அது தேவைப்பட்டதென்றால் உங்கள் கமிட்டிக்கும் தேவை. வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் செய்த வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒட்டினால் அங்கேயே கொடுங்கள். கேட்டதற்கே கோபம் வந்தால், பாஸ்டர் வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, மீதியைக் கணக்கு காட்டும் இல்லத்துக்கு ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.