பஸ் ஜன்னலில் பொசிட்டானோ

தென் இத்தாலிக்கு குரூப் டூர் போய் வந்தவர்கள், போகப் போகிறவர்கள் எழுதுங்கள் என்று போன மாதம் ஒரு வரி போட்டிருந்தேன். நேப்பிள்ஸ், பொம்பெயி, சொரெண்டோ, அமால்ஃபி கடற்கரை, காப்ரி தீவு என்று எல்லோரும் ஒரே வழியில் போய், ஒரே இடங்களில் பணத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஏஜென்சிகளின் பெயர்களை எடுத்துவிட்டேன், திட்டு வார்த்தைகளையும்.

கேள்வி: நானும் மனைவியும் எட்டு நாள் டூர் போனோம். நோட்டீஸின் முதல் பக்கமே பொசிட்டானோ கடற்கரைப் படம்தான். அங்கே போனால், மேலே சாலையோரம் பத்து நிமிடம் பஸ்ஸை நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊருக்குள் இறங்கவே இல்லை. கேட்டால், “பனோரமிக் ஸ்டாப் என்றுதானே போட்டிருக்கிறோம்” என்கிறார்கள். (கோயம்புத்தூர்)

பதில்: அந்த ஊருக்குள் உங்கள் பஸ் போகாது என்பது, அந்தப் படத்தை அச்சடித்த அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும். அமால்ஃபி கடற்கரையில் ஓடும் எஸ்.எஸ்.163 சாலை மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு போகிற குறுகலான பாதை. நீளமான பெரிய பஸ்களுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. சீசனில் கார்களுக்கே ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பார்த்துதான் அனுமதி என்று சில நாட்கள் வைத்திருக்கிறார்கள். பொசிட்டானோ என்பதே மேலிருந்து கடல் வரை இறங்கும் படிக்கட்டுகள்தான். உள்ளே போக வேண்டுமானால் சொரெண்டோவிலிருந்தோ அமால்ஃபியிலிருந்தோ படகில் போய்க் கடற்கரையில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் சின்ன வண்டியில் போய் இறங்கி நடக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைத்தான் உங்கள் ஏஜென்சி மிச்சம் பிடித்தது.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட ஆத்திரம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டூர் புரோகிராம் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் ஊர்ப் பெயர்களைத்தான் எண்ணுகிறோம். எட்டு நாளில் பதினொரு ஊரா, பரவாயில்லையே என்கிறோம். எண்ண வேண்டியது ஊரை அல்ல, ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லை. ‘என்ட்ரி இன்க்ளூடட்’ என்று இருந்தால் மட்டும்தான் உள்ளே போகிறீர்கள். ‘விசிட்’ என்றால் வாசல் வரைக்கும் இருக்கலாம். ‘வியூ’ என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ‘டிரைவ் பாஸ்ட்’ என்றால் வண்டி நிற்கவே நிற்காது. ‘ஓரியன்டேஷன் டூர்’ என்றால் டிரைவர் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார், அவ்வளவுதான். ‘ஃப்ரீ டைம்’ என்றால் மேனேஜர் காபி குடிக்கப் போய்விட்டார். ‘ஆப்ஷனல்’ என்றால் காசு தனி. இந்தச் சொற்களை யாரும் தெரியாமல் போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டிக்கெட் விலை ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நானே ஒரு தடவை ‘ஹெர்குலேனியம் வியூ’ என்று போட்ட டூருக்குப் பணம் கட்டியிருக்கிறேன். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயியோடு சேர்ந்து புதைந்த ஊர் அது. இப்போதைய ஊரின் தரைமட்டத்திலிருந்து சுமார் 20 மீட்டர் ஆழத்தில் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தோம். கருகிய உத்தரம் இன்னும் அப்படியே இருக்கிற வீடுகளுக்குள் மற்றவர்கள் போய் வருவது பொம்மை மாதிரி தெரிந்தது. “எல்லோரும் பார்த்தாச்சா?” என்றார் மேனேஜர். பார்த்தாச்சு.

சரி, உங்கள் வழக்குக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் கடற்கரைப் படம், பதினாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் பனோரமிக் ஸ்டாப் என்றால், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது. நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஏஜென்சிக்கு எழுத்தில் புகார், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முழுப் பணமும் திரும்பும் என்று நினைக்காதீர்கள். மீதி ஏழு நாளும் சோறு போட்டு ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள் அல்லவா.

கேள்வி: ‘பொம்பெயி விசிட்’ என்று போட்டிருக்கிறது. டிக்கெட்டும் சேர்த்துத்தானே? (சேலம்)

பதில்: மேலே இருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: காப்ரியில் ப்ளூ கிராட்டோ குகைக்கு என்று டூர் மேனேஜரிடம் தலைக்கு 50 யூரோ ரொக்கமாகக் கொடுத்தோம். கடல் சரியில்லை, மூடிவிட்டார்கள் என்றார். பணம் வரவில்லை. (திருநெல்வேலி)

பதில்: ரசீது வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆகவே வாங்கவில்லை. அந்தக் குகையின் வாய் சுமார் ஒரு மீட்டர் உயரம்தான், துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு நுழைய வேண்டும். அலை கொஞ்சம் எழும்பினாலே மூடிவிடுவார்கள், வருடம் முழுக்க நடக்கிற கதை இது. மூடினால் பணம் திரும்புமா என்று கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். கூட வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மின்னஞ்சலாக ஏஜென்சிக்கு எழுதிப் பாருங்கள். தனித்தனியாக எழுதினால் தனித்தனியாக மறப்பார்கள்.

கேள்வி: நேப்பிள்ஸிலிருந்து பொம்பெயி போகும் வழியில் ஒரு ‘ஃபேக்டரி’யில் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினார்கள். 160 யூரோ கொடுத்து, சிப்பியில் புடைப்பாக உருவம் செதுக்கிய கேமியோ ப்ரூச் வாங்கினேன். இங்கே நகைக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். எப்படித் தெரிந்துகொள்வது? (திருச்சி)

பதில்: வாருங்கள், உட்காருங்கள், நானும் உங்கள் கட்சிதான். அந்த வழியில் இருக்கும் டோரே டெல் கிரேக்கோ பவளத்துக்கும் கேமியோவுக்கும் உண்மையிலேயே பேர்போன ஊர். நல்ல கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அதனாலேயே போலியும் அங்கே நன்றாக விலை போகிறது.

உங்கள் ப்ரூச்சை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சிப்பி என்றால் வெளிச்சம் உள்ளே ஊடுருவும், உருவத்தின் நிழல் பின்பக்கம் தெரியும். பின்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், சிப்பியின் வளைவு அது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடிக்கற்றையிலும் மூக்கோரத்திலும் உளி இழுத்த மெல்லிய கோடுகள் இருக்கும். அச்சில் வார்த்ததாக இருந்தால் எல்லா ஓரமும் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். நான் என் அக்காவுக்கு 95 யூரோவுக்கு ஒன்று வாங்கி வந்தேன். அக்கா அதை டியூப்லைட்டுக்கு நேரே திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தப் பொம்பளை மூக்குல காத்துக் குமிழி இருக்குடா” என்றாள். பிளாஸ்டிக். இன்றைக்கும் வீட்டில் யாராவது ஏமாந்தால் அந்த மூக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

உங்களுடையது போலி என்று உறுதியானால், பில்லில் ‘சிப்பி’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்து, கார்டில் பணம் கட்டியிருந்தால், கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் (கடைக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்கித் தருவது) கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். இன்னொன்று. அசலாகவே இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான். 2024 பிப்ரவரியிலிருந்து இத்தாலியில் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கும் வெளிநாட்டுப் பயணிகள் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையில் அதற்கான படிவம் வாங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க ஒப்புதல் பெற வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் கடையில் உட்கார வைத்தவர் இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஒதுக்கவில்லை. அந்த ஒன்றேகால் மணி நேரமே பொம்பெயியிலிருந்து வெட்டி எடுத்ததுதான் என்பதையும் புகாரில் எழுதுங்கள்.

கேள்வி: டிக்கெட்டுக்குப் பெயர் கேட்டார்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பொம்பெயி வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். ஏஜென்சி சரிபார்த்திருக்க வேண்டாமா? (மதுரை)

பதில்: வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன பெயர் என்று உங்களுக்குத்தான் தெரியும். 2024 நவம்பரிலிருந்து அங்கே ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் இருக்கும். இனிஷியலை விரித்து எழுதிய அதே பெயர், அதே வரிசை, ஒவ்வொரு இடத்திலும்.

கேள்வி: எனக்கு விசா மறுத்துவிட்டார்கள். அட்வான்ஸாகக் கட்டிய 75,000 ரூபாயில் ஒரு பைசா கூடத் திரும்பாது என்கிறது ஏஜென்சி. கிளம்ப இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: மனசு கஷ்டமாக இருக்கிறது. விசாக் கட்டணம் 90 யூரோ திரும்பாது, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் அப்படித்தான். அதை விட்டுவிடுங்கள். மீதியை விடாதீர்கள். ஏழு வாரம் இருக்கும்போது ஹோட்டலுக்கு எவ்வளவு போனது, விமான டிக்கெட்டை ரத்து செய்ததில் எவ்வளவு பிடித்தார்கள் என்று ரசீதோடு கணக்குக் கேளுங்கள். உங்கள் இடத்தை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார்களா என்றும் கேளுங்கள், இந்தக் கேள்விக்குத்தான் பதில் வராது. உண்மையான நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டும் ஷரத்தை 2019 சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அந்த ஷரத்தையே எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். முதலில் வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்புங்கள், பாதிப் பேர் அதிலேயே இறங்கி வருவார்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் குறித்திருப்பார்கள், அதையும் பாருங்கள். ஏஜென்சி தயார் செய்த காகிதத்தில்தான் குறை என்றால் உங்கள் கை ஓங்குகிறது.

மற்றவர்களுக்கு: ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். “எங்க பார்ட்டிக்கு எல்லாம் கிடைச்சிடும் சார்” என்கிற ஏஜென்ட் பேச்சை நம்பிக் கடைசி மாதம் வரை உட்காராதீர்கள்.

கேள்வி: டூர் பில்லில் டி.சி.எஸ். என்று ஒரு பெரிய தொகை. போனது போனதுதானா? (சென்னை)

பதில்: இல்லை. அது டூர் விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஜி.எஸ்.டி.தான் போனது போனது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். தினமும் இரவு இந்தியச் சாப்பாடு என்கிறார்கள். நம்பலாமா? (கும்பகோணம்)

பதில்: கிடைக்கும். அதைச் சாப்பிடப் போக ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்காருவீர்கள். நேப்பிள்ஸில் மரினாரா பீட்சா கேளுங்கள். பேரைக் கேட்டால் மீன் மாதிரி இருக்கும், மீனும் கிடையாது, சீஸும் கிடையாது, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான். பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. ‘ஈஸி வாக்கிங்’ என்று ஏஜென்சி சொல்கிறது. கூட்டிப் போகலாமா? (புதுச்சேரி)

பதில்: ஈஸி என்று சொன்னவர் அங்கே நடந்திருக்க மாட்டார். பொம்பெயித் தெருக்களில் பாவியிருப்பது பெரிய பெரிய எரிமலைக் கற்கள், வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளங்களோடு. நிழல் குறைவு. ஆனாலும் அழைத்துப் போங்கள். ஆம்ஃபிதியேட்டர் பக்க வாசலிலிருந்து, சக்கர நாற்காலிக்காரர்களையும் மனதில் வைத்துச் சமன்படுத்திய 3 கிலோமீட்டருக்கு மேலான பாதை ஒன்று இருக்கிறது. உங்கள் குழு எந்த வாசலில் நுழைகிறது, அம்மா மட்டும் அந்தப் பாதையில் வரலாமா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பேஸ்டம் என்ற ஊரும் புரோகிராமில் இருந்தால் அவருக்குப் பிடிக்கும். சமதரையில், புல்வெளி நடுவே, 2,400 வருடத்துக்கும் மேல் பழமையான மூன்று கிரேக்கக் கோயில்கள். அமால்ஃபிக்குப் போகிற அன்று ஹோட்டலிலேயே ஓய்வெடுக்கட்டும், படிக்கட்டு அதிகம். கைத்தடி வைத்திருந்தால் அதன் ரப்பர் முனையை இங்கேயே புதிதாக மாற்றிவிடுங்கள், தேய்ந்த ரப்பர் அந்தக் கல்லில் வழுக்கும்.