ரெகுலேட்டரை மூடினேனா?

கேள்வி: காலையில் கைப்பேசியில் பேசிக்கொண்டே சமையலறை வேலைகளை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன். பேருந்தில் ஏறியதும், கேஸ் ரெகுலேட்டரை மூடினேனா என்ற சந்தேகம் பிடித்துக்கொள்கிறது. திரும்பிச் சென்று பார்த்தால், அது மூடித்தான் இருக்கிறது. என் கையால் செய்த வேலையே எனக்கு நினைவில் நிற்காதது ஏன்?
— வாசகி ஒருவர், திருச்சி

பதில்: கையால் செய்தது பொதுவாக நன்றாகவே நினைவில் நிற்கும். ‘தீக்குச்சியை ஒடி’ என்பது போன்ற சிறு கட்டளைகளைக் காதால் கேட்டவர்களைவிட, அவற்றைச் செய்தும் பார்த்தவர்கள் கூடுதலாக நினைவுகூர்ந்ததை 1980களின் ஆய்வுகள் காட்டின. கூடவே கவனத்தைப் பிரிக்கும் வேறொரு வேலையைக் கொடுத்தபோதும், கேட்டவர்களின் நினைவு சரிந்த அளவுக்குச் செய்தவர்களின் நினைவு சரியவில்லை என்று ஸ்வீடனின் பேக்மன், நீல்சன் குழுவினர் 1986இல் எழுதினர்.

ஆனால் அந்தச் சோதனைகளில் ஒவ்வொரு செயலும் ஒரே முறை, புதிதாகச் செய்யப்பட்டது. தாங்களோ ரெகுலேட்டரை நாள்தோறும் திருகுகிறீர்கள். கை தானாகவே அதைச் செய்துவிடுகிறது. மனம் தொலைபேசிப் பேச்சில் இருக்கும்போது, இன்றைய திருகலை நேற்றையதிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளம் எதுவும் பதிவதில்லை. மூடிய நினைவு இருக்கிறது, அது எந்த நாளுடையது என்பதுதான் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, ‘மூட வேண்டும்’ என்று எண்ணியதும் மூடியதும் குழம்பிவிடக்கூடும். ஒரு செயலைச் செய்வதாகப் பலமுறை கற்பனை செய்தவர்கள், செய்யாததையும் செய்ததாகச் சொல்வது அதிகரிப்பதை காஃப், ரோடிகர் ஆகியோர் 1998இல் காட்டினர்.

ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்பதில் தவறில்லை. கேஸ் விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். நெதர்லாந்தின் வான் டென் ஹவுட், கிண்ட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் தெரிந்த கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களுக்கு நினைவின் துல்லியம் பெரிதாகக் கெடவில்லை. அதன் தெளிவும், அதன்மீதிருந்த நம்பிக்கையும்தான் குறைந்தன.

ஆகவே, மூடும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, ரெகுலேட்டரை விரலால் சுட்டி, “செவ்வாய்க்கிழமை, மூடியாயிற்று” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைச் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்வதைப் பணிமுறையாகவே கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராமல், பலமுறை சரிபார்த்தும் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாத நிலை ஏற்பட்டால், அதை மறதி என்று ஒதுக்கிவிடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.